ராய்பகதூர் மேல் விழுந்த தயிர்சாதம்

“நான் சொன்னது ஒரு பேச்சுக்குடீ—”

“பேச்சுக்கோ எதுக்கோ, சொன்னேளா இல்லையா—”

“குறுக்கே பேசாதே! ஆத்திரத்திலே ஆயிரம் சொல்லுவோம்—”

“‘இவன் மூஞ்சியிலே சாதத்தை வாரி அடிக்கணும்’னு என் காதுக்குள்ளே சொன்னது யாரு அக்கா? அடிச்சேன்.”

“வாரி அடிக்கணும்னா வாரி அடிச்சுடறதா? ‘கட்டையிலே போக’ன்னு சொல்லியிருந்தா, கட்டையைத் தூக்கிண்டு கிளம்பியிருப்பியோ?”

“மூத்தவா சொன்னா ஏன்னு கேக்கப்படாதுன்னு, நான் இங்கே வந்து இறங்கின அன்னிக்கே சொன்னேள். கேக்கலை.”

அனந்தலக்ஷ்மி ரசத்தை இறக்கி வைத்த வேகத்தில் பாதி தளும்பி அடுப்பில் விழுந்தது. பவானிப்பூரில் அந்தச் சந்து வீட்டுக்கு அவள் மூத்த மருமகள். அவள் கணவன் மஹாதேவன் சர்க்கார் ஆபீஸில் தலைமை குமாஸ்தா. எதிரே நின்றவள் ஜகதாம்பாள், இளையவன் வைத்தீஸ்வரனின் மனைவி. வைத்தீஸ்வரனுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க வேலை. கப்பல் வந்தால் வீட்டுக்கு வரமாட்டான். நேற்றும் வரவில்லை. ஜகதாம்பாள் கும்பகோணத்திலிருந்து வந்து இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. வங்காளி பாஷையில் அவளுக்குத் தெரிந்தது ‘ஜல்’ என்றால் தண்ணீர் என்பது மட்டும்.

“அன்னம் அது. எறியலாமோ? உங்காத்திலே இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா?”

“பின்னே எதை எறியறது? செருப்பை எறியலாம்னா நாம செருப்பே போட்டுக்கறதில்லை. கையிலே இருந்தது அந்தத் தயிர்சாத அடுக்குதான். அதையும் நீங்க தூக்கிண்டு வரச் சொல்லித்தான் தூக்கிண்டு வந்தேன்.”

“ஒண்ணையும் எறியாம சும்மா நிக்கறதுன்னு ஒண்ணு இருக்கு.”

“அப்போ ஏன் அக்கா சொன்னேள்?”

அனந்தலக்ஷ்மி ரசப் பாத்திரத்தின் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தாள். 

நேற்று நடந்தது இதுதான். சந்தின் கோடியில் நிஸ்தாரிணி அம்மாளின் பெரிய வீடு. அதன் முற்றத்தில் கூட்டம். சர்க்கார் வங்காளத்தை இரண்டாக வெட்டி இரண்டு வருஷம் ஆகியும் ஊர் அடங்கவில்லை. சீமைத் துணி வேண்டாம், சீமை உப்பு வேண்டாம், சீமைச் சீனி வேண்டாம் என்று வாரத்துக்கு ஒரு கூட்டம் எங்கேயாவது நடந்துகொண்டிருந்தது. நேற்றுப் பேச வந்தவர் ராய்பகதூர் பிரியமோஹன் பாபு. கவுன்சில் மெம்பர். ஜமீன்தார். அவர் என்ன பேசப்போகிறார் என்று யாருக்கும் தெரியாததால் கூட்டம் நிரம்பி வழிந்தது. பெண்கள் மாடித் தாழ்வாரத்தில், மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து வந்தவர்களுக்காக வீட்டுக்கு ஒரு பண்டம் செய்து கொண்டுவருவதாக ஏற்பாடு. அனந்தலக்ஷ்மி ஓர் அடுக்குப் பாத்திரம் நிறையத் தயிர்சாதம் பிசைந்து, கடுகு தாளித்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

பிரியமோஹன் பாபு எழுந்தார். வெட்டியது வெட்டியதுதான், இனி ஒட்டாது என்றார். பையன்கள் பள்ளிக்கூடம் போகட்டும் என்றார். அதுவரையில்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு அவர் மாடித் தட்டியைப் பார்த்துக் கையைக் காட்டி, “சமுத்திரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத பெண்பிள்ளைகளெல்லாம் உப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். சமையலறைக்குப் போங்கள், அம்மா! உப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சிரித்தார்.

அனந்தலக்ஷ்மி பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். சொல்லி மூச்சு விடுவதற்குள் பக்கத்தில் தட்டி விலகியது. ஒரு வளைக்கை வெளியே நீண்டது.

கீழே ராய்பகதூரின் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தயிர். மீசையில் கறிவேப்பிலை.

 அப்புறம் முற்றமே அதிர்ந்தது. மாடியில் பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ சங்கை எடுத்து ஊதினார்கள். நிஸ்தாரிணி அம்மாள் ஓடிவந்து, சாதம் ஒட்டிய ஜகதாம்பாளின் கையைப் பிடித்து உயரத் தூக்கினாள். சோறு பட்டுப் பத்தான கை, அலம்பாத கை, அதைக்கூடப் பார்க்கவில்லை.

அனந்தலக்ஷ்மியின் கை அவள் மடியிலேயே இருந்தது. சுத்தமாக இருந்தது.

“வாசல்லே யாரோ வந்திருக்கா, அக்கா.”

“எனக்குக் காது இருக்கு. நீ அடுப்பைப் பாரு.”

வந்தது நிஸ்தாரிணி அம்மாள்தான். பின்னால் சந்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். ஒருத்தி கையில் குங்குமச் சிமிழ், ஒருத்தி கையில் சந்தேஷ் இனிப்பு அடுக்கிய தட்டு. அனந்தலக்ஷ்மி தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து சிரித்தாள். இரண்டு வருஷமாக இந்த வாசலுக்கு வருகிறவர்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள்.

“வாருங்கள் மாஸிமா, உட்காருங்கள்” என்று சித்தி முறை சொல்லி வங்காளியில் அழைத்தாள்.

“உட்கார நேரமில்லை, அனந்தோ. ஜகதம்பா எங்கே?”

“யார்?”

“யாரா? ஜகதம்பா! அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக உங்கள் அடுப்பங்கரையில் ஒளிந்திருந்தாளே! துர்க்கையே வந்து நம் சந்தில் குடியிருந்திருக்கிறாள், நமக்குத் தெரியவில்லை பார்!”

அனந்தலக்ஷ்மி என்ற பெயரை இவர்கள் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. அனந்தோ, அனந்தோ-தீதி, அவ்வளவுதான். ஜகதாம்பாள் என்பது மட்டும் சுளுவாக வந்துவிட்டது.

ஜகதாம்பாளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு தரம் அவள் வகிட்டில் குங்குமம் வைத்தார்கள். அவள் மோவாயைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிட்டுக்கொண்டார்கள். அவள் ஒன்றும் புரியாமல், “அக்கா, அந்தத் தட்டிலே இருக்கறதை நான் எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள்.

“என்ன சொல்கிறாள்? என்ன சொல்கிறாள்?” என்று எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

“இனிப்பு வேண்டுமாம்” என்றாள் அனந்தலக்ஷ்மி.

“குழந்தை! எவ்வளவு எளிமை பார்!”

அனந்தலக்ஷ்மிக்கு வயிறு எரிந்தது. நாட்டைத் துண்டாடிய அன்று வங்காளத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. இந்த வீட்டிலும் மூட்டவில்லை. மஹாதேவன் அவலைத் தின்றுவிட்டு ஆபீஸ் போனார். அது யாரால்? சீமைக் கண்ணாடி வளையை வாசற்படியில் உடைத்தது யார்? லிவர்பூல் வெள்ளை உப்பைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மண்ணும் கல்லுமாக இருக்கும் நாட்டு உப்பைக் கரைத்து, வடிகட்டி, காய்ச்சிப் போட்டுச் சமைப்பது யார்? இந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு போய் அந்த உப்பை எப்படிக் கரைப்பது என்று கற்றுக்கொடுத்தது யார்? இவளோ ரசத்தில் மண் கடிக்கிறது என்று மூக்கைச் சுளித்து, புருஷனிடம் சொல்லிக் கிடர்பூரிலிருந்து ஒரு பொட்டலம் வெள்ளை உப்பு வரவழைத்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

“மாஸிமா, ஒன்று சொல்லவேண்டும்” என்றாள் அனந்தலக்ஷ்மி, குரலைத் தாழ்த்தி. “நேற்று அவளை எறியச் சொன்னது நான்.”

நிஸ்தாரிணி அம்மாள் அவள் தோளில் கை வைத்தாள். அன்பாகத்தான் வைத்தாள்.

“காலையிலிருந்து இதைச் சொல்கிறவள் நீ நாலாவது ஆள், அனந்தோ. மித்திர வீட்டு மருமகளும் தான்தான் சொன்னேன் என்கிறாள். என் மூத்த மகள்கூடச் சொல்கிறாள். யார் சொன்னால் என்ன? மனசில் எல்லோரும்தான் சொன்னோம். கை யாருக்கு வந்தது என்பதுதானே விஷயம்?”

“நான் நிஜமாகவே...”

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்று தட்டிக்கொடுத்துவிட்டு அவள் ஜகதாம்பாள் பக்கம் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் மஹாதேவன் ஆபீஸிலிருந்து வந்ததும் கால்கூட அலம்பவில்லை. தலைப்பாகையைக் கழற்றி மூலையில் எறிந்தார்.

“சாதத்தை எறியறதுக்கு முன்னாலே தாளிக்காமலாவது இருந்திருக்கப்படாதா?”

“ஏன்னா, என்ன உளறறேள்?”

“தட்டிக்குப் பின்னாலே யார்னு ஒருத்தருக்கும் தெரியலை. எந்த வங்காளியும் காட்டிக்குடுக்கவும் மாட்டான். ஆனா பிரியமோஹன் பாபு தோள் சால்வையிலே கடுகு! கறிவேப்பிலை! இந்தப் பவானிப்பூர்லே தயிர்சாதத்துக்குக் கடுகு தாளிக்கறவா வேற யார் இருக்கா? துரை இன்னிக்கு என்னைக் கூப்பிட்டு, ‘உங்க வீட்டுலே நேத்திக்கு என்ன சமையல்?’னு கேக்கறான்.”

“நீங்க என்ன சொன்னேள்?”

“என்னத்தைச் சொல்றது? உளுத்தம்பருப்பு வறுத்துப் போடறதைப் பத்தியா பேசமுடியும்? வேலை போயிடும்டீ. எனக்குப் போனா தம்பிக்கும் போகும். ரெண்டு அடுப்பும் அணைஞ்சுடும்.”

ஜகதாம்பாள் கதவுக்குப் பின்னால் அழுதாள். மஹாதேவன் அவள் இருக்கும் பக்கம் பார்க்காமல், மனைவியிடமே சொன்னார்.

“அவளைக் கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பிடலாம்னு தோணறது. சின்னப் பொண்ணு, அறியாம பண்ணிட்டா, அனுப்பிட்டோம்னு துரைகிட்டே சொல்லலாம்.”

 அன்று ராத்திரிக்குள் அனந்தலக்ஷ்மியே பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். ஜகதாம்பாளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் வந்த நாளிலிருந்து இல்லாத கனிவோடு, “அழாதேடீ. வழிக்குப் புளியஞ்சாதம் கட்டித் தரேன். நார்த்தங்காயும் வெக்கறேன். உங்கம்மாவைப் பாத்து எத்தனை நாளாச்சு, போயிட்டு வாயேன்” என்றாள்.

“நீங்க சொன்னதைக் கேட்டுத்தானே அக்கா நான்...”

“அதையெல்லாம் இப்போ எதுக்குக் கிளறறே? அந்தப் புடவையை எடு, மடிச்சுத் தரேன்.”

விஷயம் மறுநாள் காலை நிஸ்தாரிணி அம்மாளுக்குப் போய்விட்டது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஜகதாம்பாள் ஜாடையிலேயே சொல்லியிருக்கிறாள். பெட்டி, ரயில், அழுகை, இதற்குப் பாஷை எதற்கு? அம்மாள் மூச்சிறைக்க வந்தாள்.

“அனுப்பப்போகிறீர்களாமே! எப்போது வண்டி?”

“நாளைக்கு, மாஸிமா. என்ன செய்வது, அவர் வேலை இருக்கிறதே.”

“நான் தடுக்கவில்லை. ஆபீஸ்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனால் திருட்டுத்தனமாக அனுப்பாதே. சந்து முழுக்க ஹவுராவுக்கு வருகிறோம். சங்கு உண்டு, மாலை உண்டு. படகுத்துறையிலிருந்து ஸ்டேஷன் வரை அவளை நடக்கவிட மாட்டோம். சர்க்கார் நாடு கடத்தின முதல் பெண்பிள்ளை நம் சந்திலிருந்து போகிறாள்! பத்திரிகைக்காரர்களுக்கும் என் மருமகன் சொல்லி அனுப்பிவிட்டான்.”

அனந்தலக்ஷ்மி தகரப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கையாலேயே மடித்து அடுக்கிய புடவைகள்.

அன்று ராத்திரி மஹாதேவன் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

“ஏன்னா, ஜகதாவை அனுப்பவேண்டாம்.”

“நேத்திக்குப் பெட்டியை இறக்கினது நீதானே?”

“இறக்கினேன். ஏத்திட்டேன். பாவம், சின்னப் பொண்ணு. பாஷை தெரியாதவளை ரயில்லே ஏத்தி அனுப்பினா நாலு பேர் நம்மைத்தான் சொல்லுவா.”

“உனக்கு அவமேலே இத்தனை பிரியம் இருக்கறது எனக்கு இன்னிக்குத்தான் தெரியறது” என்றார் மஹாதேவன்.

“சாதம் போடட்டுமா, வேண்டாமா?”

பிறகு இரண்டு மூன்று நாள் சந்து அமைதியாக இருந்தது. துரை மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிடாததே மஹாதேவனுக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் நிஸ்தாரிணி அம்மாள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். பிரியமோஹன் பாபுவின் மனைவி அவளுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

“அவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளித்தார். குளித்தவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சோற்றைப் பார்த்தார். எழுந்துவிட்டார். அன்றிலிருந்து பாலும் பழமும்தான். ‘கல்லை எறிந்திருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பேன். அன்னத்தை எறிந்துவிட்டார்கள். அன்னபூரணியே எனக்கு இல்லை என்று சொன்ன மாதிரி’ என்கிறாராம். என் தங்கை அழுகிறாள்.”

இது அனந்தலக்ஷ்மியைச் சுருக்கென்று தைத்தது. பொறாமை மறந்துபோயிற்று.

“அவர் நம் எதிரிதான்” என்றாள் நிஸ்தாரிணி அம்மாள். “ஆனாலும் ஒரு மனிதர் சோறு தின்னாமல் இருப்பதற்கு நாம் காரணம் என்றால் மனசு கேட்கவில்லை. அவருக்குப் போலீஸும் வேண்டாமாம், சாகேபும் வேண்டாமாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். எறிந்த கை வந்து பரிமாறவேண்டும். அதே சோறு. சாப்பிட்டதும் அவரே உங்கள் துரைக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்.”

“அதே சோறு என்றால் நான் சமைத்தது, மாஸிமா.”

“ஆமாம், நீ சமைத்துக் கொடு. ஜகதம்பா பரிமாறட்டும்.”

மஹாதேவனுக்கு உயிர் வந்தது. “மீன் சாப்பிடறவா வீட்டுக்கு நாம சாதம் கொண்டுபோறதா?” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே, “ஆபத்துக்குத் தோஷமில்லை” என்று சொல்லிக்கொண்டு வண்டி பேசப் போனார். பெண்கள் ஏறி உட்கார்ந்து வண்டிக் கதவைச் சாத்துவதற்கு முன் அனந்தலக்ஷ்மியிடம் குனிந்து சொன்னார்:

“பேச உன்னை விட்டா ஆளில்லை, அதனாலே போறே. விவரம் தெரியாத பொண்ணு, மன்னிச்சுடுங்கோன்னு சொல்லு. போதும். உன் பேர் இதிலே வரப்படாது. கிராமத்துப் பொண்ணு பண்ணினான்னா துரை சிரிச்சுட்டு விட்டுடுவான். ஹெட் கிளார்க் பொண்டாட்டி தூண்டிவிட்டான்னு தெரிஞ்சா என்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

வண்டிக்குள் ஜகதாம்பாள் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு அனந்தலக்ஷ்மியை ஒட்டி உட்கார்ந்தாள்.

“அக்கா, என்னை அடிப்பாளா?”

“அடிக்கமாட்டா. கும்பிடுவா. அதுதானே உன் ஜாதகம்.”

“உங்களுக்கு என்மேலே கோபம்.”

“எனக்கு எதுக்குடீ கோபம்? அடுக்கை நேரா பிடி.”

பிரியமோஹன் பாபு வீட்டின் உள்கூடம். அவர் பலகையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் பார்த்ததைவிட வயதானவராக, மெலிந்தவராகத் தெரிந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாசல் நிலையில் அவர் மனைவியும் நிஸ்தாரிணி அம்மாளும் முட்டாக்கைப் பிடித்தபடி நின்றார்கள். ஜகதாம்பாள் முன்னே போய், தட்டில் சாதத்தை வைத்தாள். கடுகும் கறிவேப்பிலையும் அப்படியே இருந்தன.

அவர் தட்டைத் தொடவில்லை. ஜகதாம்பாளைப் பார்த்தார்.

“இவ்வளவு சின்னப் பெண்ணா?” என்றார். “அம்மா, நான் சண்டைக்குக் கூப்பிடவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூப்பிட்டேன். என்னைத் திட்டியிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். எத்தனையோ இருக்க, சோற்றை ஏன் எறிந்தாய்? அப்படி என்ன சொல்லிவிட்டேன்?”

எல்லோரும் அனந்தலக்ஷ்மியைப் பார்த்தார்கள். அவள் ஜகதாம்பாள் பக்கம் குனிந்தாள்.

“ஏன் எறிஞ்சேன்னு கேக்கறார்.”

“நீங்க எறியச் சொன்னேள், எறிஞ்சேன். இவர் என்ன பேசினார்னே எனக்குத் தெரியாது. அப்படியே சொல்லிடுங்கோ, அக்கா.”

அப்படியே சொல்லிவிடலாம். நிஸ்தாரிணி அம்மாள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். ஒரே வாக்கியம், குங்குமம், சங்கு, மோவாயைத் தொட்ட விரல்கள் எல்லாம் இவளை விட்டு இறங்கித் தன்னிடம் வந்துவிடும். இந்தத் தரம் நாலாவது ஆள் என்று யாரும் தட்டிக்கொடுக்க முடியாது, எறிந்தவளே சொல்கிறாள். அனந்தலக்ஷ்மியின் நாக்கு நுனியில் அது வந்து நின்றது. பின்னாலேயே மஹாதேவனின் முகமும் வந்தது.

“இவள் சொல்கிறாள்...” என்று வங்காளியில் ஆரம்பித்தாள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

“இவள் சொல்கிறாள்: சோற்றை எறிந்தது தப்பு. தப்பு என்று தெரிந்தேதான் எறிந்தேன். நீங்கள் மேடையில் இருந்தீர்கள். உங்களுக்கு வாய் இருந்தது. நான் தட்டிக்குப் பின்னால் இருந்தேன். அங்கிருந்து கேள்வி கேட்கமுடியாது. கேட்டால், யாருடைய மனைவி இப்படிப் பேசுகிறாள் என்றுதான் கேட்பார்களே தவிர, என்ன கேட்டாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். என் கையில் இருந்தது சோறு மட்டும்தான்.”

பிரியமோஹன் பாபு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். நீங்கள் உப்பைப் பார்த்தது தட்டு ஓரத்தில். அந்த மண் உப்பைக் கரைத்து, தெளியவைத்து, வடிகட்டி, காய்ச்சி எடுப்பதற்குள் கை வெடித்துப்போகிறது. இரண்டு வருஷமாக அப்படித்தான் காய்ச்சுகிறோம். எங்கள் வீட்டு ஆண்கள் கூட்டத்தில் கைதட்டிவிட்டு வருவார்கள், சீமை உப்பை நிறுத்தினது நாங்கள். எங்களைப் பார்த்துச் சமையலறைக்குப் போ என்றீர்கள். நாங்கள் சமையலறையிலிருந்துதான் வந்திருந்தோம்.”

 நிஸ்தாரிணி அம்மாள் முட்டாக்கைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். ஜகதாம்பாள் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தன் காலைப் பார்த்தாள்.

“சரி” என்றார் பிரியமோஹன் பாபு, மெதுவாக. “நான் சிரித்திருக்கக்கூடாது. ஆனால் இதையும் அவளிடம் கேள். என் குடியானவனுக்குச் சீமை உப்பு மலிவு, உங்கள் நாட்டு உப்புக்கு விலை அதிகம். அவன் உப்பில்லாமல் கஞ்சி குடித்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? நான் அன்றைக்குச் சொல்ல வந்தது அதுதான். சொல்வதற்குள் வாயில் சோறு விழுந்துவிட்டது.”

அனந்தலக்ஷ்மி திரும்பினாள். “ஏழைகளைப் பத்தி என்னமோ கேக்கறார்டீ.”

“சாதம் உலர்ந்துபோறது அக்கா. முதல்லே சாப்பிடச் சொல்லுங்கோ.”

“இவள் சொல்கிறாள்” என்றாள் அனந்தலக்ஷ்மி. இந்தத் தரம் குரல் தடுமாறவே இல்லை. “அது நல்ல கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. அந்தக் குடியானவன் பெண்டாட்டியிடம் கேட்கவேண்டும். நீங்கள் கேட்டீர்களா? நாங்களும் கேட்கவில்லை. நீங்கள் பேசி முடிக்குமுன் எறிந்தது எங்கள் பிசகு. எறிந்தால் உங்கள் பேச்சும் நிற்கும், எங்கள் கேள்வியும் நிற்கும். அதனால்தான் அது தப்பு என்று முதலிலேயே சொன்னேன். கல் என்றால் உங்களுக்கு மட்டும்தான் வலிக்கும். சோற்றை எறிந்ததிலிருந்து எனக்கும் இறங்கவில்லை. சாப்பிடுங்கள், பாபா. நீங்கள் சாப்பிட்டால்தான் எனக்கும் சாப்பாடு.”

பிரியமோஹன் பாபு தட்டை அருகே இழுத்துக்கொண்டார். பிறகு விரல் நுனியில் தண்ணீர் எடுத்துத் தட்டைச் சுற்றிவிட்டு, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். வாசல் நிலையில் அவர் மனைவி விம்மினாள்.

“அன்றைக்கே ஒரு பருக்கை உதட்டில் பட்டது” என்றார் மென்றுகொண்டே. “புளிப்பும் இஞ்சியும்... கோபத்திலும் ருசி தெரிந்தது. உன் கைமணமே தனி, அம்மா.”

இதைச் சொன்னது ஜகதாம்பாளைப் பார்த்து. 

அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். கையலம்பிவிட்டு வந்து, தலைமை குமாஸ்தா பயப்படவேண்டியதில்லை, தானே துரையிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிறகு ஜகதாம்பாளின் முன் நின்று கைகூப்பினார்.

“கவுன்சிலில் இருபது பேர் இருக்கிறோம். ஒருவருக்கும் இந்தப் புத்தி இல்லை. பெயருக்கு ஏற்ற பெண்.” அனந்தலக்ஷ்மியின் பக்கம் லேசாகத் தலையசைத்தார். “நீயும் எடுத்துச் சொன்னது நன்றாக இருந்தது, அம்மா. ஒரு வார்த்தை விடாமல் சொன்னாய் போலிருக்கிறது.”

நிஸ்தாரிணி அம்மாள் இனியும் பொறுக்கமுடியாமல் ஓடிவந்து ஜகதாம்பாளைக் கட்டிக்கொண்டாள். அவர் மனைவி வந்து மோவாயைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். உள்ளேயிருந்து வேறு யார் யாரோ வந்தார்கள். கும்பலில் இடிபட்டு அனந்தலக்ஷ்மி சுவரோரம் ஒதுங்கி, காலி அடுக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். பேசிப் பேசி அவள் தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

அத்தனை கைகளுக்கு நடுவிலிருந்து ஜகதாம்பாள் தலையை நீட்டி அவளைத் தேடினாள். முகமெல்லாம் குங்குமம். கண்ணில் கலவரம்.

“அக்கா, எல்லாரும் அழறா, அவர் என்னைக் கும்பிடறார். நான் சொன்னது ரெண்டு வார்த்தைதானே? நீங்க இவ்வளவு நாழி பேசினேளே, நான் என்ன அக்கா சொன்னேன்?”